நவோஷிமாவில் ஒரு நாள்: சிச்சு டிக்கெட், மதியச் சாப்பாடு, கடைசிப் படகு

வழிப்போக்கன்

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை ஜப்பானின் கலைத்தீவான நவோஷிமா போகலாம் என்று திட்டம். வெள்ளி இரவும் சனி இரவும் ஒகாயாமாவில் தங்கல். நான், மனைவி, அம்மா மூன்று பேர். அம்மாவுக்கு வயது 66, முட்டிவலி உண்டு. சமதரையில் நன்றாக நடப்பார், படிக்கட்டுதான் சிரமம். அம்மாவும் மனைவியும் சைவம், முட்டை பரவாயில்லை, மீன் கூடவே கூடாது. சிச்சு மியூசியம், ஹோன்முரா ஊரில் கலைப்படைப்பாக மாற்றிய பழைய வீடுகள், யாயோய் குசாமாவின் மஞ்சள் பூசணிச் சிற்பம் மூன்றும் கட்டாயம் பார்க்க வேண்டும். அதே நாளில் பக்கத்துத் தீவான தெஷிமாவையும் சேர்க்க முடியுமா? சைக்கிளா, பஸ்ஸா? சாப்பாட்டுக்கு என்ன வழி?

படகுநேரம்

தெஷிமாவை இந்தத் தடவை விட்டுடுங்க. நவோஷிமாவுக்கும் தெஷிமாவுக்கும் நடுவே ஓடுறது சின்னப் படகு. ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணுற அளவுதான் நடை, கூட்ட நாள்ல இடம் நிரம்பிடும். தெஷிமா மியூசியத்துக்குத் தனி முன்பதிவு வேற. ரெண்டையும் ஒரே நாள்ல வச்சா ரெண்டு இடத்துலயும் கடிகாரத்தைத்தான் பார்த்துட்டு வருவீங்க.

இப்ப வழி. ஒகாயாமாவிலிருந்து ஜே.ஆர். ரயில்ல உனோ. நேர் வண்டி குறைவு, பெரும்பாலும் சாயாமாச்சில இறங்கி மாறணும். காத்திருக்கிறதையும் சேர்த்து ஒரு மணி நேரம் வச்சுக்கோங்க. உனோ ஸ்டேஷனிலிருந்து படகுத்துறை நடக்கிற தூரம்தான். அங்கிருந்து கார் ஏத்துற பெரிய ஃபெர்ரி, நவோஷிமாவோட மியானோவுரா துறைமுகத்துக்கு 20 நிமிஷம், ஆளுக்கு 300 யென் அளவு. இதுக்கு முன்பதிவு கிடையாது, தேவையும் இல்லை. சிக்கல் வேற இடத்துல இருக்கு: காலையில 8 மணிக்கு மேல ஒண்ணு, 9 மணிக்கு மேல ஒண்ணு, அதை விட்டா 11 மணிதான். 9 மணிப் படகைத் தவறவிட்டா உங்க மதியச் சாப்பாடு வரைக்கும் எல்லாம் குலையும். புறப்படுறதுக்கு முந்தின நாள் படகு நிறுவனமான ஷிகோகு கிசெனோட கால அட்டவணையை ஒரு தடவை சரிபாருங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி சிச்சு டிக்கெட். அது நேரம் குறிச்ச டிக்கெட், 15 நிமிஷத்துக்கு ஒரு பிரிவு, ஆன்லைன்ல வாங்கணும். அக்டோபர் சனிக்கிழமைன்னா நல்ல நேரமெல்லாம் சீக்கிரம் போயிடும். அந்த நேரம் கையில வந்த பிறகுதான் மத்த எதையும் யோசிக்கணும். ரயில், பஸ், சாப்பாடு எல்லாம் அதைச் சுத்தித்தான் அடுக்கணும்.

கான்கிரீட் பிரியன்

//அந்த நேரம் கையில வந்த பிறகுதான்//

சரிதான். ஆனால் கிடைத்த நேரத்தை எடுத்துக்கொள்ளாமல், எந்த நேரம் வேண்டும் என்று தெரிந்து தேடுவது நல்லது. பெரும்பாலானோர் 10 மணிப் பிரிவுக்கு ஓடுகிறார்கள். அக்டோபருக்கு மதியம் 12:45 முதல் 1:30 வரையிலான பிரிவுதான் என் சிபாரிசு.

காரணம் வெளிச்சம். கட்டிடக் கலைஞர் தடாவோ ஆண்டோ 2004-ல் கட்டிய இந்த மியூசியம் கிட்டத்தட்ட முழுதும் குன்றுக்குள் புதைந்திருக்கிறது. முன்பு உப்பளப் படித்தளங்களாக இருந்த சரிவு அது. நிலத்தின் வடிவத்தைக் கெடுக்காமல், மேலே சதுரமும் முக்கோணமுமாகத் திறப்புகளை மட்டும் விட்டு, மற்றதை உள்ளே இறக்கிவிட்டார். பிரெஞ்சு ஓவியர் மொனேவின் அறையில் மின்விளக்கே கிடையாது. ஐந்து அல்லிக்குள ஓவியங்களும் மேலிருந்து கசிந்து வரும் பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். எதிரே இருப்பது 2 மீட்டர் உயரம், இரண்டு பலகையும் சேர்ந்து 6 மீட்டர் அகலம். மேகம் கடந்தால் ஊதா சாம்பலாகும், வெயில் திரும்பினால் பச்சை எழுந்து வரும். அக்டோபர் நடுவில் அங்கே மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். மூன்றரைக்கு மேல் உள்ளே போனால் அறை மங்கி, படத்தின் ஓரங்கள் கரைந்துவிடும். அதுவும் ஒரு அழகு என்பவர்கள் உண்டு. முதல்முறை போகிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

அந்த அறைக்குள் காலணியைக் கழற்றி அவர்கள் தரும் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். தரை முழுக்க 2 செ.மீ. அளவுள்ள வெள்ளைச் சலவைக்கல் கட்டிகள், ஏழு லட்சம். கராராவிலிருந்து வந்த கல். முனைகள் மழுங்கலாக இருப்பதால் காலுக்கு லேசாக உறுத்தும், பளபளப்பு இல்லாததால் கூரை வெளிச்சம் தரையில் பட்டுத் தெறிக்காமல் பரவும். சுவரும் சுவரும் சேரும் மூலைகளையும் வளைத்திருக்கிறார்கள், நிழல் தேங்காமல் இருக்க. படத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த மூலையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

உள்ளே மொத்தமே மொனே, ஜேம்ஸ் டரெல், வால்டர் டி மரியா என மூன்று பேருடைய படைப்புகள்தான். ஒன்றரை மணி நேரம் போதும், இரண்டு வைத்துக்கொண்டால் நிம்மதி. ஒளியையே படைப்பாக்கும் டரெலின் 'ஓப்பன் ஃபீல்ட்' அறை வாசலில் வரிசை நிற்கும். ஒரு தடவைக்குச் சிலரை மட்டும் விடுவார்கள், அதனால் உள்ளே நுழைந்ததும் முதலில் அந்த வரிசை எப்படி இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். வரிசை நீளமாக இருந்தால் மொனேவை முடித்துவிட்டு வரலாம்.

படகுநேரம்

மதியம் 1 மணிப் பிரிவுன்னா எனக்கும் சம்மதம். ஏன்னா காலை முழுக்க ஹோன்முரா, 11 மணிக்குச் சாப்பாடு, பிறகு சிச்சுன்னு ஒரே திசையில போகலாம். பஸ் போற வரிசையும் அதுதான்: மியானோவுரா, ஹோன்முரா, கடைசியா சுட்சுஜிசோ. அங்கிருந்து, மியூசியங்களை நடத்துற பெனெஸ்ஸேவோட இலவச ஷட்டில் பஸ் பூசணிப் பக்கத்துல புறப்பட்டு பெனெஸ்ஸே ஹவுஸ் மியூசியம், லீ உஃபான் மியூசியம், சிச்சு வரை போகும்.

காலை 10 மணிக்கு சிச்சு போறவங்க 12 மணிக்கு வெளிய வந்து, ஷட்டில் பிடிச்சு, பஸ் பிடிச்சு ஹோன்முரா வர்றப்ப ஒரு மணி தாண்டிடும். அப்ப எந்தக் கடையில பார்த்தாலும் வரிசை, இல்லைன்னா 'இன்னைக்கு முடிஞ்சது' பலகை.

தீவுச் சோறு

அந்தப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நவோஷிமாவில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

மக்கள்தொகை சுமார் 3,000. கடைகள் எல்லாம் சின்னது, ஓரிருவர் நடத்துவது, பத்துப் பதினைந்து நாற்காலி. காலையில் எத்தனை சாப்பாட்டுக்குத் தயார் செய்தார்களோ அவ்வளவுதான். ஹோன்முராவில் மதியச் சாப்பாடு பெரும்பாலும் 11 அல்லது 11:30-க்குத் தொடங்கி 2 மணிக்குள் கடைசி ஆர்டர். அதற்குப் பிறகு மாலை வரை காபி, கேக் மட்டும். திங்கட்கிழமை மியூசியங்களுக்கு விடுமுறை என்பதால் கடைகளும் பல சாத்திக்கொள்ளும். வார விடுமுறை என்று ஒரு நாளைக் குறிக்காமல், தோன்றும்போது மூடுகிற கடைகளும் உண்டு. எனவே ஒரே கடையை நம்பிப் போகாமல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிடலாம்? தீவு ககாவா மாகாணத்தைச் சேர்ந்தது, எனவே முதலில் அந்தப் பகுதிக்கே பேர் போன சனுகி உடோன், தடித்த கோதுமை நூடுல்ஸ். மாவில் உப்பும் தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லை. காலால் மிதித்துப் பிசைந்து ஆறவிடுவதால் கடிக்கும்போது ஒரு இழுவை இருக்கும். மியானோவுராவில் யாமாமோதோ உடோன் துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரம். உடோன் கடைகள் பகல் கடைகள், நூடுல்ஸ் தீர்ந்தால் கதவை மூடிவிடுவார்கள். இரவுக்கு அதை நம்பக் கூடாது.

அடுத்தது ஹமாச்சி மீன். வளர்ப்பு ஹமாச்சி முதன்முதலில் வெற்றி பெற்றது இதே ககாவாவில், 1928-ல். நவோஷிமா சுற்றிலும் ஹமாச்சிக் கூண்டுகளும் நோரிப் பாசி வலைகளும் கடலில் தெரியும். ஹோன்முராவில் மைமாய் கடையில் ஹமாச்சியைக் கட்லெட்டாகப் பொரித்து பன்னுக்குள் வைத்து 'நவோஷிமா பர்கர்' என்று தருகிறார்கள். ஆர்டர் செய்த பிறகுதான் பொரிப்பார்கள், கூட்டத்தில் இருபது நிமிஷம் ஆகலாம். அசைவக்காரர் நீங்கள் ஒருவர்தானே, நேரம் இருந்தால் பாருங்கள்.

உட்கார்ந்து சாப்பிட ஹோன்முராவின் மேட்டில் உள்ள கஃபே சலூன் நகாஒகு. பழைய வீடு, ஓமுரைஸும் (ஆம்லெட் மூடிய சோறு) ஜப்பான் கறியும் (கெட்டிக் குழம்புச் சோறு) பேர் போனவை. தெருவிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் பலர் வழி தவறுவார்கள், அதனாலேயே சில நேரம் இடம் கிடைக்கும்.

வழிப்போக்கன்

நன்றி. ஓமுரைஸ் முட்டைதானே, அம்மாவுக்கும் மனைவிக்கும் ஆகுமா? உடோன் வெறும் மாவுதான் என்றால் அதுவும் சரி வருமே?

தாஷி வேண்டாம்

ரெண்டுமே அப்படியே ஆகாது.

ஓமுரைஸ் உள்ள இருக்கிற சோறு வழக்கமா சிக்கன் சோறு. மேல ஊத்துற டெமி சாஸ் மாட்டு எலும்பு ஸ்டாக்கில் செய்யறது. சோறு முன்கூட்டியே கிளறி வச்சிருப்பாங்க, 'சிக்கன் எடுத்துடுங்க'ன்னா பொறுக்கித்தான் எடுக்க முடியும். ஜப்பான் கறியும் அதே கதை, காய்கறிக் கறின்னு போட்டிருந்தாலும் குழம்புக் கட்டியில மாட்டுக் கொழுப்பு அல்லது பன்றிக் கொழுப்பு இருக்கிறது வழக்கம்.

உடோன்ல மாவு சுத்தம், தண்ணிதான் பிரச்சினை. சனுகி உடோனோட தாஷி, அதாவது அடிப்படைச் சாறு, இரிக்கோங்கிற உலர்ந்த சின்ன மீன்ல இறக்கறது. மத்த ஊர் தாஷியை விட மீன் வாசனை தூக்கலாவே இருக்கும். சூடான உடோன், குளிர் உடோன், தொட்டுக்கிற சாறு மூணுலயும் அது உண்டு. இதுக்கு ஒரு வழி இருக்கு: 'கிஜோயு' உடோன் கேளுங்க. வடிச்ச நூடுல்ஸ் மேல சோயா சாஸ் மட்டும் ஊத்திக் கொடுப்பாங்க. ஆனா சில கடைல அந்தச் சோயா சாஸ்லயே தாஷி கலந்திருக்கும், அதுக்குப் பேர் தாஷி ஜோயு. மேசையில இருக்கிற புட்டியைக் காட்டி "தாஷி ஹைத்தெமாஸ் கா?" (தாஷி கலந்திருக்கா?)ன்னு கேட்டுட்டு ஊத்துங்க. மேல தூவுற கட்சுவோ சீவலையும் (உலர்ந்த மீன் சீவல்) வேண்டாம்னு சொல்லணும். நெகி (வெங்காயத்தாள்), இஞ்சித் துருவல், எள்ளு போட்டு எலுமிச்சை பிழிஞ்சா நல்லாவே இருக்கும்.

காய்கறி டெம்புராவும் கவனம். ககியாகேன்னு ஒண்ணு வெங்காயமும் கேரட்டும் மாதிரி தெரியும், உள்ள சின்ன இறால் இருக்கும். எண்ணெய் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

டோஃபு உறைக்குள்ள சோறு வச்ச இனாரி சூஷி பார்க்க சைவம், அந்த டோஃபு உறையைக் கொதிக்க வைக்கறது தாஷியில. கடையில விக்கிற ஒனிகிரியில (சோற்று உருண்டை) கொம்பு (கடற்பாசி), உமே (ஊறுகாய்ப் பழம்) ரெண்டுலயும் கட்சுவோ சாறு சேர்க்கறது உண்டு. லேபிளை போன் கேமராவுல மொழிபெயர்த்துப் பாருங்க. உப்பு மட்டும் போட்ட ஷியோ முசுபி கிடைச்சா அது பெரும்பாலும் தப்பிக்கும், அதையும் லேபிள் பார்த்துத்தான்.

சொல்ல வேண்டிய வாக்கியம்: "நிகு தோ சகானா வா தபெராரெமாசென். தாஷி மோ தமே தெஸ்." (இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது. தாஷியும் ஆகாது.) 'சைவம்'னு பொதுவா சொன்னா மீன் தாஷியைக் கணக்குல எடுக்க மாட்டாங்க. தாஷியைப் பேர் சொல்லிச் சொன்னாத்தான் சமையல்காரர் யோசிப்பார். முடியாதுன்னா முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிடுவாங்க, அது நல்லதுதான்.

என்னைக் கேட்டா காலையில ஒகாயாமா ஸ்டேஷன்லயே ரெண்டு பேருக்கும் சாப்பாடு வாங்கிடுங்க. அங்க கடைகள் நிறைய, தீவுல ஒண்ணும் கிடைக்காட்டாலும் பசியோட நிக்க வேண்டாம். மியூசியத்துக்குள்ள வெளிச் சாப்பாடு சாப்பிட முடியாது, கடற்கரைப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுங்க. குப்பையைப் பையிலேயே வச்சுக்கோங்க, தெருவுல குப்பைத்தொட்டி தேடி அலையாதீங்க.

தீவுச் சோறு

தாஷி சொன்னதோடு ஒன்று: கஃபேக்களில் டோஸ்ட், முட்டை, சாலட், உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்கும். சாலட் டிரஸ்ஸிங்கைத் தனியாகக் கேளுங்கள். சோலாஷியோ என்று தீவில் கடல் தண்ணீரை வெயிலில் காயவைத்து எடுக்கும் உப்பு விற்கிறார்கள், வீட்டுக்கு வாங்க அதுவே நல்ல சாமான். லேசு, கெட்டுப்போகாது.

இரண்டு சக்கரம்

பஸ், பஸ் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். 100 யென் பஸ் சின்ன வண்டி. படகு வந்து இறங்கும் கூட்டம் முழுக்க ஒரே பஸ்ஸில் ஏறப் பார்க்கும். நிரம்பிவிட்டால் அடுத்தது வரை நிற்க வேண்டியதுதான். மியானோவுரா துறைமுகத்துக்கு எதிரிலேயே மின்சார உதவி சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ஹோன்முராவுக்கு 2 கிலோமீட்டர், பத்து நிமிஷம். சாதா சைக்கிள் மட்டும் எடுக்காதீர்கள், சிச்சு போகும் வழி ஏற்றம் முதுகை உடைக்கும்.

படகுநேரம்

சைக்கிள் ரெண்டு பேருக்குச் சரி. முட்டிவலி உள்ள அம்மாவை வச்சுக்கிட்டு எப்படி? இன்னொண்ணு, பெனெஸ்ஸே பகுதிக்குள்ள சைக்கிளுக்கு அனுமதி இல்லை. சுட்சுஜிசோ பக்கம் நிறுத்திட்டு நடக்கணும், இல்லைன்னா மியானோவுராவிலிருந்து மேற்கு மலைப்பாதை வழியா நேரா சிச்சு டிக்கெட் சென்டருக்கு ஏறணும். அந்த வழியில போனா பூசணி எதிர்ப்பக்கம். திரும்ப வந்து சைக்கிள் எடுக்க மறுபடி ஏறணும்.

இரண்டு சக்கரம்

அம்மாவை மறந்துவிட்டேன், அவருக்கு பஸ்தான். படகிலிருந்து இறங்கும்போது முன்வரிசையில் இறங்கி நேராக நிறுத்தத்துக்குப் போங்கள், துறைமுகத்தில் உள்ள குசாமாவின் இன்னொரு பூசணியான சிவப்புப் பூசணியைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். அது எங்கும் போகாது. 100 யென் காசுகள் மூன்றைக் கையில் வைத்திருங்கள்.

ஊமைப் பூனை

மஞ்சள் பூசணி ஒருமுறை போயே போய்விட்டதே! 2021 ஆகஸ்ட் புயலில் படகுத்துறை முனையிலிருந்து அலை அடித்துக் கடலுக்குள் கொண்டுபோய் உடைத்தது. இப்போது இருப்பது 2022 அக்டோபரில் புதிதாக வைத்தது. புயல் எச்சரிக்கை வந்தால் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள், எனவே செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்கள் வானிலையைப் பார்த்துக்கொள்ளவும்.

கான்கிரீட் பிரியன்

அம்மாவின் முட்டியைப் பற்றி இடம்வாரியாகச் சொல்கிறேன்.

சிச்சுவில் சாய்தளங்கள் நீளம், ஆனால் மெதுவாக நடக்கலாம். சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள், டிக்கெட் சென்டரிலேயே சொல்லிவிடுங்கள். டிக்கெட் சென்டரிலிருந்து மியூசிய வாசலுக்குச் சாலையோரம் சில நிமிட நடை, மொனே வளர்த்த செடிகளை நினைவூட்டும் தோட்டம் வழியில் இருக்கிறது. வால்டர் டி மரியாவின் அறை அகலமான படிக்கட்டுகளாலேயே ஆனது. நடுவில் 2.2 மீட்டர் விட்டமுள்ள கருங்கல் கோளம், சுவரெங்கும் தங்க இலை ஒட்டிய 27 மரச் சிற்பங்கள். அம்மா கீழே நின்றே பார்க்கலாம், குறை ஒன்றும் இல்லை. நீங்கள் மேலே ஏறிப் பார்த்தால் கோளத்தில் கூரைத் திறப்பு பிரதிபலிப்பது தெரியும். 'ஓப்பன் ஃபீல்ட்' உள்ளே போகச் சில கருப்புப் படிகள் ஏற வேண்டும், கைப்பிடி இல்லாமல். அம்மாவை நீங்களும் மனைவியும் இரு பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு நீலச் சுவராகத் தெரிந்தது சுவர் இல்லை, உள்ளே நடக்கக்கூடிய அறை என்று புரியும். தரை முனையில் சரிவு இருக்கிறது, ஊழியர் நிறுத்தும் இடத்தைத் தாண்டக் கூடாது.

ஹோன்முராவில் கோஒ ஜிஞ்ஜா என்ற ஷின்டோ கோவில் மட்டும் அம்மாவுக்கு வேண்டாம். அது சிறு குன்றின் மேல். ஹிரோஷி சுகிமோதோ செய்தது, 2002. சன்னதியிலிருந்து ஒளியியல் கண்ணாடிப் படிகள் தரைக்குள் இறங்கும், அவற்றின் மறுமுனையைப் பார்க்கக் குன்றின் பக்கவாட்டில் உள்ள ஒடுக்கமான கான்கிரீட் சந்து வழியாக ஒருவர் பின் ஒருவராக டார்ச் பிடித்துப் போக வேண்டும். உடம்பைத் திருப்ப இடமில்லை. திரும்பி வரும்போது சந்தின் முனையில் கடல் ஒரு நேர்கோடாகத் தெரியும், அதற்காகவே நீங்கள் இருவரும் முறைபோட்டுப் போய் வாருங்கள்.

ஊமைப் பூனை

ஹோன்முராவில் மொத்தம் ஏழு இடம். கின்சா தவிர மற்ற ஆறுக்கும் ஒரே டிக்கெட். அதில் எதை விடுவது என்று கேட்டால்:

மினாமிதெராவை விடவே கூடாது. டரெலின் 'நிலவின் மறுபக்கம்', கட்டிடம் ஆண்டோ. குழுவாக உள்ளே விடுவார்கள், கால் மணி நேரம், முழு இருட்டு. சுவரைத் தடவியபடி போய் பெஞ்சில் உட்கார வேண்டும். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகப் பழக எதிரே மங்கலான செவ்வகம் ஒன்று எழும். வெளிச்சம் முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது, மாறியது உங்கள் கண். பளீர் வெயிலில் நின்றுவிட்டு நேராகப் போனால் கண் பழக இன்னும் நேரம் பிடிக்கும், வரிசையில் நிற்கும்போதே நிழலில் நில்லுங்கள், போனைப் பார்க்காதீர்கள். ஒளிரும் முள் உள்ள கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள், இல்லாவிட்டால் பத்துப் பேர் சபிப்பார்கள். இதற்கும் நேரச் சீட்டு உண்டு, காலை முதல் பிரிவாகப் பிடியுங்கள்.

கதோயா அடுத்தது. 1998-ல் இந்த வீட்டில்தான் எல்லாம் தொடங்கியது. உள்ளே நீர்த்தொட்டியில் 125 எண் விளக்குகள், தத்துவோ மியாஜிமாவுடையது. ஒவ்வொன்றும் எவ்வளவு வேகத்தில் எண்ண வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் ஊர்க்காரர்கள், 5 வயதிலிருந்து 95 வயது வரை. சில எண் தவ்வித் தவ்வி ஓடும், சில நகர்வதே தெரியாது. ஹைஷா பழைய பல் மருத்துவர் வீடு, உள்ளே ஒரு சுதந்திர தேவி சிலை தளத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கும். ஷின்ரோ ஓத்தாகேவின் குறும்பு.

கொகாய்ஷோவில் மரத்தில் செதுக்கிய சிவப்புக் காமெலியாப் பூக்கள் தரையில் கிடக்கும். பக்கத்து அறை ஏன் காலி என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் பலர். தோட்டத்தில் உள்ள நிஜச் செடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய படைப்பு அது. நேரம் குறைவாக இருந்தால் இதையும் இஷிபாஷியையும் விடலாம்.

கின்சா ஒரு ஆளுக்கு 15 நிமிஷம், தனியாக. மூன்று பேர் என்றால் முக்கால் மணி நேரம் போய்விடும். ஒரு நாள் பயணத்தில் சேராது.

முட்டைகோஸ்

2025 மே கடைசியில் திறந்த நவோஷிமா புது மியூசியத்தை ஒருத்தரும் சொல்லலையே? அது ஹோன்முரா பக்கத்து மேட்டுலதான். இதுவும் ஆண்டோதான், தீவுல அவரோட பத்தாவது. ஆசியக் கலைஞர்களுக்கு முக்கியத்துவம். திறப்புக் காட்சியில மைசூரு ஓவியர் என்.எஸ்.ஹர்ஷா இருந்தார். சாய் குவோ-சியாங்கோட 99 ஓநாய்கள் கண்ணாடிச் சுவர்ல போய் மோதுற படைப்பும் இருந்தது. சமகாலக் கலைல ஈடுபாடு இருந்தா ஹோன்முரா வீடுகள் நாலை விட்டுட்டு இதைப் பாருங்க.

படகுநேரம்

முட்டைகோஸ் சொல்றது நியாயம்தான், ஆனா இவருக்கு மூணு இடம் கட்டாயம்னு சொல்லிட்டார். புது மியூசியம் சேர்த்தா பெனெஸ்ஸே ஹவுஸ் போகும். ஒண்ணைத்தான் எடுக்கணும்.

கான்கிரீட் பிரியன்

பெனெஸ்ஸே ஹவுஸ் (1992) திங்களும் உண்டு, மற்றவை மூடிய பிறகும் மாலையில் திறந்திருக்கும். ஆகவே அதை நாளின் கடைசியில் வைக்கலாம். ஆனால் இலவச ஷட்டில் அதற்கு முன்பே நின்றுவிடும். பிறகு சுட்சுஜிசோ வரை கால்மணி நேரம் நடக்க வேண்டும், ஊர் பஸ்ஸும் மாலையில் அரிது. அம்மாவோடு போகும்போது கடைசி ஷட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு அதற்கு முந்தையதிலேயே ஏறிவிடுங்கள்.

முட்டைகோஸ்

போட்டோ எடுக்கலாமா?

ஊமைப் பூனை

சிச்சு உள்ளே கூடாது, லீ உஃபான் உள்ளே கூடாது, ஹோன்முரா வீடுகளுக்குள் கூடாது. பூசணிகள், வெளியில் இருக்கும் சிற்பங்கள் எடுக்கலாம். பெரிய பெட்டி இருந்தால் மியானோவுரா துறைமுகத்தில் லாக்கர், காலையிலேயே நிரம்பும். உங்களுக்கு ஒகாயாமாவில் தங்கல் என்பதால் பெட்டியைக் கொண்டுவரவே வேண்டாம். சின்னக் கடைகளுக்கு ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

வழிப்போக்கன்

எல்லோருக்கும் நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன்: உனோவிலிருந்து 8 மணிப் படகு, பஸ்ஸில் ஹோன்முரா. 10 மணிக்கு மினாமிதெரா, பிறகு கதோயா, ஹைஷா. நானும் மனைவியும் முறைபோட்டு கோஒ ஜிஞ்ஜா. 11:15-க்குச் சாப்பாடு, அம்மாவுக்கும் மனைவிக்கும் ஒகாயாமாவில் வாங்கியது. 12 மணி வாக்கில் பஸ்ஸில் சுட்சுஜிசோ, மஞ்சள் பூசணி, ஷட்டிலில் சிச்சு 1 மணிப் பிரிவு. 3 மணிக்கு வெளியே வந்து லீ உஃபான், திரும்ப மியானோவுரா. மாலையில் மியானோவுராவில் ஓத்தாகே செய்த பொதுக்குளியல் இல்லம் 'ஐ லவ் யு' போகலாமா? இரவுச் சாப்பாடு தீவிலேயா?

தீவுச் சோறு

குளியல் மாலையில் சரி, அது மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள். துண்டு எடுத்துப் போங்கள், அங்கேயும் விலைக்கு உண்டு. உள்ளே ஆண், பெண் பிரிக்கும் சுவர் மேல் யானைச் சிலை நிற்கும். உடம்பைக் கழுவிக்கொண்ட பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும், நீச்சல் உடை கூடாது. இரவுச் சாப்பாட்டை ஒகாயாமாவில் வையுங்கள். மியானோவுரா இசகாயாக்கள் (மதுவும் சாப்பாடும் தரும் சிறு கடைகள்) மாலையில்தான் திறக்கும், சனிக்கிழமை முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது, சைவத்துக்கு அங்கே கடினம்.

படகுநேரம்

திட்டம் சரி. ரெண்டு திருத்தம். 12 மணி பஸ்ஸுக்குப் பதிலா அதுக்கு முந்தினதைப் பாருங்க. சுட்சுஜிசோவிலிருந்து ஷட்டில் நிரம்பினா அடுத்ததுக்குக் காத்திருக்கணும், நடந்தா சிச்சு வரை அரை மணி நேரத்துக்கு மேல, அதுவும் ஏற்றம். அம்மாவோட அந்த வழி வேண்டாம். லீ உஃபான் சிச்சுவிலிருந்து சாலையோடு இறக்கம், பத்து நிமிஷ நடை, ஆனா அங்க வாசலுக்குப் போகச் சில படிகள் இறங்கணும். அம்மாவுக்கு முட்டி ஒத்துழைக்கலைன்னா சிச்சு கஃபேல கடலைப் பார்த்து உட்காரச் சொல்லிட்டு நீங்க மட்டும் போய் வாங்க.

உனோவுக்கு இரவு எட்டு மணிக்கு மேலயும் படகு இருக்கு, அதனால குளியலுக்கு அவசரம் இல்லை. இதைப் படிக்கிற வேற யாராவது தகாமட்சுவுக்குத் திரும்பறதா இருந்தா இந்தக் கணக்கு பொருந்தாது. அந்தப் பக்கம் கடைசி ஃபெர்ரி மாலை 5 மணி வாக்கிலேயே போயிடும்.

முன்பதிவு வரிசை: முதல்ல சிச்சு, அது கிடைச்ச பிறகு மினாமிதெரா. மாத்திப் போட்டுட்டு சிச்சுல 10 மணிதான் பாக்கின்னு வந்தா, மினாமிதெராவை மதியத்துக்குத் தள்ளி, சாப்பாட்டை பெனெஸ்ஸே பக்கம் மாத்தி, எல்லாத்தையும் திரும்ப அடுக்கணும்.